இரண்டு கட்டத்திலும் குறியிட இடம் கொடுங்கள்

(வெவ்வேறு இனத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்களின் வாழ்வு பற்றிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் மேடையில் விட்டுவிட்ட சில வரிகளை மட்டும் சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கம் முழுவதையும் நிமிர்ந்து உட்கார வைத்துவிட்ட ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, எனக்குப் பின்னால் பேசவிருக்கிற மனநல மருத்துவர் அம்மா அவர்களே, வரவேற்புரை சொன்ன செயலாளர் தம்பி அவர்களே, வேலை நாளாக இருந்தும் வந்து அமர்ந்திருக்கிற பெரியோர்களே, பெற்றோர்களே, முக்கியமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற இளைஞர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் பேச்சைத் தொடங்கக் கூடாது. படிவங்களில் இனம் கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு மேல் குறியிட அனுமதி கேட்கிற எங்கள் கையெழுத்து இயக்கத்துக்கு அலுவலகம் கிடையாது, பணம் கிடையாது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, கொஞ்சம் வெள்ளைத் தாள். அப்படித் தொடங்கிய நாளில் முதல் தாளில் முதல் கையெழுத்துப் போட்டவர் இவர். போட்டுவிட்டுப் போய்விடவில்லை. "அம்மா, மனுவில் மூன்றாவது பத்தி நீளமாக இருக்கிறது, அதிகாரிகள் படிக்க மாட்டார்கள், சுருக்குங்கள்" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து தானே திருத்திக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தத் திருத்திய வடிவத்தைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். நீதிபதி ஐயாவும் அப்படித்தான். சட்ட நுணுக்கம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. செயலாளர் தம்பி இந்தக் கூட்டத்துக்காக எத்தனை நாள் அலைந்தார் என்று எனக்குத் தெரியும். இவர்களுக்கெல்லாம் கைதட்டிவிட்டு மேலே போகலாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பில் மூன்று சொற்கள் இருக்கின்றன: பாகுபாடு, அடையாளம், நலவாழ்வு. மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

என் அப்பா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது. உங்களில் பலர் என் பேச்சை முன்பே கேட்டிருப்பீர்கள், இவள் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டாள் என்று தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பழமொழியை நாம் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். மூலத்தில் ஏதோ குறை இருக்கும், அதைக் கிளறாதே என்று அர்த்தம் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு நதியில் நாலைந்து ஓடைகள் சேர்ந்திருக்கும். இதில் எந்த ஓடையின் தண்ணீர் எது என்று கையில் அள்ளிப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததைப் பிரித்துக் காட்டு என்று கேட்பதே கொடுமை. அதைத்தான் அந்தப் பழமொழி தடுக்கிறது.

வெவ்வேறு இனத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்களிடம் உலகம் தினமும் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். "நீ யார்?" என்று கேட்பதில்லை. "நீ என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது, வேலைக்கான நேர்காணலில், புதிதாக அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில். ஒரு பதில் சொன்னால் போதவில்லை. "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" "அம்மா எந்த இனம், அப்பா எந்த இனம்?" "அப்படியானால் நீ எந்தப் பக்கம்?" கேட்கிறவர்களில் பாதிப்பேர் ஆசையோடுதான் கேட்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை வீதம் முப்பது வருஷம் அதே கேள்விக்குப் பதில் சொல்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

நம் மொழியில் இவர்களைக் குறிக்கும் சொல்லையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கலப்பினம் என்கிறோம். அந்தச் சொல் வேறு எங்கே வருகிறது? கலப்பின மாடு, கலப்பின விதை. பக்கத்திலேயே கலப்படம் என்று ஒரு சொல் நிற்கிறது. தன்னைப் பற்றிச் சொல்கிற சொல்லும் பாலில் தண்ணீர் ஊற்றுவதைச் சொல்கிற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்று ஒரு குழந்தை ஒரு நாள் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகு அதை எப்படி மறக்கும்? நான் பல இனத்தவர் என்று சொல்கிறேன். இதைவிட நல்ல சொல் உங்களில் யாருக்காவது தோன்றினால் எனக்கு எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

சரி, பாகுபாடு என்ற முதல் சொல்லுக்கு வருகிறேன். அதற்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

18 ஆண்டுகளுக்கு முன்னால். என் அண்ணன் நல்ல கறுப்பு. அண்ணி வேறு இனம், நல்ல வெளுப்பு. மூத்தவள் பெண். அவள் அம்மாவைப் போலவே இருப்பாள், கண் மட்டும் எங்கள் வீட்டுக் கண். அப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு நாள் சாயங்காலம் ஊஞ்சலிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அண்ணி வேலைக்குப் போயிருந்தார். அண்ணனும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

முன்மேசையில் ஒருவர் இருந்தார். குழந்தையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி குழந்தையைப் பார்த்தார். "நீங்கள் குழந்தைக்கு யார்?" "அப்பா." "அப்பாவா?" அந்த இரண்டாவது 'அப்பாவா' இருக்கிறதே, அதை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவர் குழந்தையிடமே குனிந்து, "இவர் யார் பாப்பா?" என்று கேட்டார். அவள் வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்லவில்லை, அழுதாள். அந்த அழுகை எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லி உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். பின்னாலேயே காவலாளி ஒருவரும் வந்து நின்றார். மரியாதையாகத்தான் நின்றார். ஆனால் நாங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவரும் நகர்ந்தார்.

என் அண்ணனுக்குக் கனமான குரல். வீட்டில் அவர் பேசினால் தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு அந்த மேசை முன்னால் அவர் குரல் குறைந்துகொண்டே போனது. எனக்குக் கோபம் வந்து நான் கத்தினேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்து, "சத்தம் போடாதே, நாம் சத்தம் போட்டால் இது இன்னும் மோசமாகும்" என்றார். அவர் அதை எத்தனை வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தாரோ, எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். அலமாரிச் சாவி எங்கே என்று தெரியவில்லை. அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னால் அவர் பதறிப்போய், "நான் நேரே மருத்துவமனைக்கு வருகிறேன், சாவி சமையலறையில் இரண்டாவது டப்பாவில் இருக்கிறது" என்றார். இரண்டாவது டப்பா என்றால் எந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது? எல்லா டப்பாவையும் கவிழ்த்துச் சாவியை எடுத்து, எந்தத் தாள் எது என்று பார்க்க நிதானம் இல்லாமல் மொத்தக் கோப்பையும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். அதில் மின்கட்டண ரசீது இருக்கிறது, குளிர்பெட்டி வாங்கிய உத்தரவாத அட்டை இருக்கிறது, அண்ணனின் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் என் மருமகளின் பிறப்புச் சான்றிதழும் இருந்தது.

மூச்சு வாங்க உள்ளே நுழைகிறேன். முன்மேசையில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. குழந்தையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு ஐந்து நிமிடம் முன்னால் அண்ணி வந்திருக்கிறார். கதவைத் திறந்து நடந்து வந்தார், அவ்வளவுதான். "அம்மா வந்துவிட்டார்கள்" என்று சொல்லி வழிவிட்டார்கள். அவரிடம் ஒரு தாளும் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. இரண்டு கன்னத்தின் நிறமும் ஒத்துப்போனதுதான் அவருடைய சான்றிதழ். நான் கட்டிப்பிடித்து ஓடிவந்த கோப்பை அன்றைக்குக் கடைசிவரை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன். ராத்திரி மாவுக்கட்டோடு வீடு திரும்பினோம். மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டும் என்று தாள்களை மேசையில் பரப்பினேன். மூன்று தாள். முதல் தாள், அண்ணனும் நானும் நின்றபோது எழுதியது. இனம் என்ற இடத்தில் 'மற்றவை'. இரண்டாவது தாள், அண்ணி வந்த பிறகு எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் எழுதியது. அதில் அண்ணியின் இனம். மூன்றாவது, அனுப்பும்போது கொடுத்த தாள். அப்பா பெயரைப் பார்த்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது, அதில் எங்கள் இனம். மூன்றிலும் பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, உடைந்த கை ஒன்று. நான்கு மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு மூன்று இனம். மூன்று தடவையில் ஒரு தடவைகூட யாரும் எங்களைக் கேட்கவில்லை. பார்த்தார்கள், எழுதினார்கள்.

அவள் அப்போதுதான் எழுத்துக்கூட்டி வேகமாகப் படிக்கக் கற்றிருந்தாள். மூன்றையும் விரல் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "அத்தை, நாளைக்கு ஸ்கூலுக்கு எந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்றாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். நான் மூன்றையும் பையில் வைத்துக் கொடுத்தேன். அந்த மூன்று தாளின் நகல்தான் இன்றைக்கும் எங்கள் மேசையில் இருக்கிறது. பெயரை மறைத்து வைத்திருக்கிறோம்.

இந்தக் கதையைச் சொன்னால், "அது அந்த ஊழியரின் அறியாமை, அதற்கு ஒரு இயக்கமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் நான் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. பல இனத்தவர் மேல் நடந்த கொடுமையில் பெரும்பகுதி தடியால் நடந்ததைவிடப் பேனாவால் நடந்ததுதான் அதிகம்.

அமெரிக்காவில் ஹோமர் பிளெசி என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவருடைய வேரில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர், ஒரு பங்கு கறுப்பர். 1892-ல் லூசியானாவில் வெள்ளையருக்கான ரயில்பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். அவர் நிறத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ரயிலில் வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனிப் பெட்டியில் பிரித்த சட்டத்தை எதிர்க்க வேண்டும் என்று ஒரு குழு முன்பே திட்டமிட்டிருந்தது, அதனால்தான் அவர் யார் என்ற கேள்வியே எழுந்தது. கைதானார். 1896-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தனித்தனியாக ஆனால் சமமாக என்று சொல்லி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஐயா இதைத் தொட்டுச் சென்றார்கள், அதனால் நான் நீட்டவில்லை.

வர்ஜீனியா மாநிலத்தில் 1924-ல் இனத் தூய்மைச் சட்டம் வந்தது. அங்கே பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்குத் தலைமை தாங்கியவர் வால்டர் பிளெக்கர் என்ற மருத்துவர். 1912 முதல் 1946 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அந்த மண்ணின் பழங்குடி மக்களில் கறுப்பர் ரத்தம் கலக்காதவர் யாருமே இல்லை என்று அவராகவே முடிவுசெய்து, பழங்குடி என்று இருந்ததை மாற்றச் சொல்லி ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். சான்றிதழ்கள் மாற்றப்பட்டன. ஒரு மக்கள் கூட்டமே காகிதத்தில் இல்லாமல் போனது. பின்னால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மத்திய அரசிடம் அங்கீகாரம் கேட்டுப் போனபோது, ஆவணம் எங்கே என்று கேட்டார்கள். ஆவணத்தை அழித்ததே அரசுதானே? அந்த மாநிலத்தின் ஆறு பழங்குடிகளுக்கு 2018-ல்தான் நாடாளுமன்றச் சட்டம் மூலம் அங்கீகாரம் கிடைத்தது. நதிமூலம் பார்க்கக் கூடாது என்று என் அப்பா சொன்னதை அந்த மனிதரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அதே மாநிலத்தில்தான் 1958-ல் ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங் தம்பதியை அவர்கள் படுக்கையறையிலேயே நள்ளிரவில் கைது செய்தார்கள். குற்றம், வெள்ளையரும் வெள்ளையரல்லாதவரும் செய்துகொண்ட திருமணம். 25 ஆண்டுகள் மாநிலத்தை விட்டுப் போனால் சிறை கிடையாது என்று தீர்ப்பு. 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது, வர்ஜீனியாவையும் சேர்த்து 16 மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் 1950-ல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் தோற்றத்தையும் ஊர் என்ன சொல்கிறது என்பதையும் வைத்து மனிதர்களைப் பிரித்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். சாண்ட்ரா லைங் என்ற சிறுமியின் பெற்றோர் இருவரும் வெள்ளையர் என்று பதிவானவர்கள். அவள் மட்டும் கறுத்த நிறம், சுருட்டை முடி. 1966-ல், அவளுக்குப் பத்து வயதில், பள்ளியிலிருந்து போலீஸ்காரர்கள் வந்து வெளியேற்றினார்கள். காகிதத்தில் அவளுடைய இனத்தை மாற்றினார்கள். அப்பா வழக்கு வழக்காகப் போராடிய பிறகு 1967-ல் மறுபடி வெள்ளையர் என்று மாற்றினார்கள். ஆனால் அவளைப் பழைய வாழ்க்கைக்குள் யாரும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தச் சட்டம் 1991 வரை இருந்தது. அது ஒழியும்போது என் மருமகள் பிறக்கவில்லை, ஆனால் அவள் அப்பாவுக்குக் கல்லூரி வயது. அவ்வளவு பக்கத்தில் நடந்தது இது.

ஆஸ்திரேலியாவில் பழங்குடியினருக்கும் வெள்ளையருக்கும் பிறந்த பிள்ளைகளைத் தாயின் மடியிலிருந்து பிரித்துக்கொண்டு போன கதையும் இருக்கிறது. அதற்காக 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அதையும் விரிவாகச் சொல்ல வேண்டும், நேரம் இல்லை.

அடுத்தது அடையாளம். முன்னாளில் அறிஞர்களே இவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகத்தான் எழுதினார்கள். 1928-ல் ராபர்ட் பார்க் என்ற சமூகவியலாளர் விளிம்பு மனிதன் என்று ஒரு கருத்தை வைத்தார். இரண்டு உலகத்துக்கு நடுவில் நின்று இரண்டிலும் ஒட்டாதவன் என்று. நம் ஊரில் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்போமே, அப்படி. எந்தப் பக்கம் ஆறு, எந்தப் பக்கம் சேறு என்று முடிவுசெய்தவர் யார்? அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பார்வையை மாற்றியவர்கள், அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள்தான். மரியா ரூட் என்ற உளவியலாளர் 1990களில் பல இனத்தவருக்கான உரிமைகள் என்று ஒரு பட்டியலை எழுதினார். அந்நியர் எதிர்பார்ப்பதிலிருந்து மாறுபட்டு என்னை அடையாளப்படுத்திக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, என் பெற்றோர் சொல்வதிலிருந்து மாறுபடவும் உரிமை உண்டு, என் உடன்பிறந்தவர்களிடமிருந்து மாறுபடவும் உரிமை உண்டு என்று போகிறது அது. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டிலேயே அப்படித்தான். என் மருமகள் தன்னை இரண்டும் என்கிறாள். அவள் தம்பி கறுப்பு, அப்பாவின் சாயல். அவன் தன்னை அப்பாவின் இனம் என்று மட்டும்தான் சொல்வான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பதில், இரண்டுமே உண்மை. முதலில் எனக்கு அவன் மேல் வருத்தம் இருந்தது, அம்மாவை விட்டுக்கொடுக்கிறானே என்று. அண்ணிதான் சொன்னார்: "தெருவில் அவனை எப்படி நடத்துகிறார்களோ அதைத்தான் அவன் சொல்கிறான். எனக்கு அதில் வருத்தம் இல்லை."

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்க அதிபர் ஒபாமா, கென்ய அப்பாவுக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்கும் பிறந்தவர், கறுப்பர் என்ற ஒரே கட்டத்தில்தான் குறியிட்டார். சிலர் அவரைக் குறை சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். அவர் முன்னால் எல்லாக் கட்டங்களும் திறந்திருந்தன. திறந்திருந்த இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் உரிமைதான். எங்கள் இயக்கம் கேட்பது அந்தத் திறப்பைத்தான்.

அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1960 வரும்வரை, வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் முகத்தைப் பார்த்து இனத்தை எழுதிக்கொண்டு போனார். 1890-ல் கால் பங்கு கறுப்பர், எட்டில் ஒரு பங்கு கறுப்பர் என்றெல்லாம் கண்ணாலேயே அளக்கச் சொன்னார்கள். 1930-ல் கலப்பைக் குறிக்கும் பிரிவே இல்லாமல், ஒரு துளி இருந்தாலும் கறுப்பர் என்று எழுதச் சொன்னார்கள். 2000-ல்தான் முதல்முறையாக ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தில் குறியிடலாம் என்றார்கள். 68 லட்சம் பேர் குறியிட்டார்கள். 2010-ல் 90 லட்சம். 2020-ல் 3 கோடியே 38 லட்சம், நூற்றுக்குப் பத்துப் பேர். பத்து ஆண்டில் இத்தனை குழந்தைகள் பிறந்துவிடவில்லை. கேள்வியை அமைத்த விதத்தையும் பதிலைப் பதிந்த விதத்தையும் மாற்றினார்கள் என்று கணக்கெடுப்புத் துறையே சொன்னது. நான் சொல்வதும் அதுதான். மக்கள் முன்பே இருந்தார்கள். தாளில்தான் இடம் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 கணக்கெடுப்பில் இவர்களுக்கென்று பிரிவு வந்தது. 2021-ல் 17 லட்சம் பேர் அதில் தங்களைப் பதிந்தார்கள். சிங்கப்பூரில் 2011 முதல் அடையாள அட்டையில் இரண்டு இனத்தை இணைத்து எழுதிக்கொள்ளலாம். முதலில் எழுதுகிற இனம்தான் சில அரசுக் கொள்கைகளுக்குக் கணக்கில் வருகிறது என்ற குறை அதில் இருக்கிறது. இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது.

போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து நின்று நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "நதிமூலம் பார்க்கக் கூடாது என்கிறீர்கள். அப்புறம் படிவத்தில் இனம் என்ற கட்டமே எதற்கு? அதை எடுத்துவிடச் சொல்லிப் போராடலாமே." அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். பிரான்ஸ் நாட்டுக் கணக்கெடுப்பில் இனம் பற்றிய கேள்வியே கிடையாது. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் வேலை தேடும்போது, வீடு தேடும்போது ஒதுக்கப்படுகிறவர் தான் ஒதுக்கப்படுவதை எந்தக் கணக்கைக் காட்டி நிரூபிப்பார்? எண்ணப்படாதவர்களின் குறை எந்த மேசைக்கும் போய்ச் சேராது. ஆகவே தம்பி, இன்றைக்கு வந்திருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: கேட்பது தப்பு இல்லை. முகத்தைப் பார்த்துத் தானே பதிலை எழுதிக்கொள்வது தப்பு. ஒரு பதில்தான் சொல்ல வேண்டும் என்று கழுத்தைப் பிடிப்பது தப்பு. நதிமூலத்தை நதியே சொல்லட்டும்.

மூன்றாவது, நலவாழ்வு. இதைப் பற்றி மருத்துவர் அம்மாவை வைத்துக்கொண்டு நான் பேசுவது சரியில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2009-ல் டவுன்சென்ட், மார்கஸ், பெர்க்சீகர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரு இனப் பெற்றோருக்குப் பிறந்த மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரே இனத்தை மட்டும் குறிக்கச் சொல்லும் படிவம். இன்னொரு பகுதியினருக்கு எத்தனை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்ற படிவம். ஒன்றை மட்டும் குறிக்க வைக்கப்பட்டவர்களுக்குத் தன்மதிப்பும் ஊக்கமும் குறைந்திருந்தன. ஒரு தாள், ஒரு நிமிட வேலை. அதற்கே இப்படி என்றால், பள்ளியில் சேரும்போது, தேர்வு எழுதும்போது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பிள்ளை பெறும்போது என்று ஆயுள் முழுக்க நிரப்புகிற தாள்களை எண்ணிப் பாருங்கள். பல இனத்தவர் எல்லோரும் மனம் நொந்தவர்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள இடம் கிடைத்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். இடம் கிடைக்க வேண்டும், அதுதான்.

ரத்தக் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், தானம் பற்றியும் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். ரத்தப் புற்றுநோய் வந்தவருக்குப் பொருந்துகிற கொடையாளர் வேண்டும். பொருத்தத்தைத் தீர்மானிக்கிற மரபணுக்களில் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது, பாதி அப்பாவிடமிருந்து. உடன்பிறந்தவர் பொருந்தவே நான்கில் ஒரு வாய்ப்புத்தான். பெற்றோர் வெவ்வேறு இனம் என்றால் அந்தச் சேர்க்கை அபூர்வமாகிவிடும், கொடையாளர் பட்டியலில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். இதற்கென்றே ஒரு தனிக் கூட்டம் வைக்கும்படி செயலாளர் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். தலைவர் ஐயாவிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. இரண்டாவது சீட்டு இது, முதல் சீட்டை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன், ஐயா மன்னிக்க வேண்டும்.

மனுவில் இருப்பதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். மொத்தம் மூன்று கோரிக்கை. பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகப் படிவங்களில் இனம் கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு மேல் குறியிட அனுமதி வேண்டும். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல், குழந்தையானால் பெற்றோரைக் கேட்காமல், ஊழியர் தானாக அந்த இடத்தை நிரப்பக் கூடாது. 'மற்றவை' என்று போடும் இடத்தில் அவரவர் தங்கள் வார்த்தையில் எழுத ஒரு கோடு விட வேண்டும்.

வெளியே போகும்போது இடது பக்கம் மேசை இருக்கிறது. அந்த மூன்று தாளின் நகலும் அங்கே இருக்கிறது, பாருங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் பேனா இருக்கும். 25 வயதாகிறது அவளுக்கு, இடது மணிக்கட்டு மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும் என்பாள். அவளிடம் வேறு எதுவும் கேட்க வேண்டாம், கையெழுத்துப் போட எந்த வரி காலியாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.